என் தம்பியின் பெயரில் ஒரு கார்டு

கிளைட் ஹாஸ்கின்ஸ் எனக்கு வாழ்த்துச் சொன்னபோது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவர் எங்கள் ஊர் அஞ்சலகத்தின் தலைவர். கொரியப் போரில் ஒரு காதின் கேட்கும் திறனை விட்டுவிட்டு வந்தவர். மெனோனைட் கிறிஸ்தவச் சபையாராகிய எங்களுக்கு ஒரு கேலியைச் சேர்த்துத் தராமல் ஓர் அஞ்சல்தலையைக்கூட விற்றறியாதவர். ஆகஸ்டு மாதத்துக் காலையொன்றில், நான் வேலை பார்க்கும் கூட்டுறவுத் தானியக் கிடங்கின் தபால்களைக் கொண்டுபோய் அவர் முன்னே வைத்தேன்.

"வாம்மா ட்வைலா. ஒருவழியா உங்க வீட்டுத் தியாகி வழிக்கு வந்துட்டானாக்கும்."

"யாரைச் சொல்றீங்க?"

"உன் தம்பி கேலனைத்தான். இந்தா, வாஷிங்டன்லேர்ந்து பதில்கூட வந்தாச்சு." ஓர் உறையை என் பக்கம் தள்ளினார். "இனிமே காலேஜுக்காரன் பணத்தை நிறுத்த முடியாதுல்ல. உங்கப்பா அறுவடை முடிஞ்ச கையோட கார்டைக் கொண்டாந்து குடுத்தப்பவே நினைச்சேன், பையனுக்கு நல்லகாலம்தான்னு."

"எந்தக் கார்டு?"

அவர் கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார். நான் மீண்டும் கேட்டேன்.

"படைப்பதிவுக் கார்டும்மா. பதினெட்டு வயசுல அவன் எழுதிக் குடுத்திருக்க வேண்டியது. பையன் வயல்ல நிக்கிறான், வர முடியலன்னு உங்கப்பா சொன்னாரு. ஆளு நேர்ல வரணும்னுதான் சட்டம். ஆனா வெர்னன் ராட்ஸ்லாஃப் சொல்லி நான் நம்பலன்னா, அப்புறம் இந்த ஊர்ல யாரைத்தான் நம்புறது?"

கேலன் அப்போது எந்த வயலிலும் நிற்கவில்லை. விச்சிட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளின் துணிகளைத் துவைக்கும் கோடைக்கால வேலையில் இருந்தான். உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு வந்தது அழுகை அன்று. யாரையாவது அறைய வேண்டும் என்ற வெறி. எங்கள் சபையில் பிறந்தவள் அவ்வாறு எண்ணலாகாது. எண்ணினேன்.

அது 1983. அப்போது நாட்டில் போர் ஏதும் இல்லை. ஆயினும் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வோர் ஆணும் அஞ்சலகத்துக்குப் போய்த் தன் பெயரையும் முகவரியையும் எழுதித் தரவேண்டும், தவறினால் ஐந்தாண்டுவரை சிறை என்று சட்டம் இருந்தது. அடுத்த போர் வரும்போது ஆள் தேட வேண்டாம் அல்லவா? கொல்லமாட்டோம் என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவருபவர்கள் நாங்கள். எங்கள் பையன்களிற் பெரும்பாலோர் பெயரைக் கொடுத்துவிட்டு, 'அழைத்தால் துப்பாக்கி எடுக்கமாட்டேன்' என்று பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தனர். கேலனோ பெயரையே கொடுக்கமாட்டேன் என்றான். கொலைக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் தன் பெயர் இருப்பதே கொலையில் ஒரு பங்கு என்பது அவன் கட்சி.

பெயர் கொடுக்காமல் இருந்த பையன்கள் நாடு முழுவதும் ஏராளம். அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். அரசாங்கமும் அவர்களைத் தேடவில்லை. என் தம்பி அவ்வாறு இருப்பானா? மறுத்துவிட்டு மறைந்திருப்பது பொய்யாகும் என்று சொல்லி, வாஷிங்டனுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினான். தன் பெயர், முகவரி, தான் பதியாததற்குக் காரணம் எல்லாவற்றையும் அதில் எழுதி, கண்டுபிடிக்கச் சிரமம் வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்கு வரும் வழியையும் குறித்திருந்தான். அதை வாங்கிக்கொண்ட கிளைட் அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "இந்தக் கவுன்டியில பதியாத பசங்க அரை டஜன் பேரை எனக்கே தெரியும். ஸ்டாம்பு வாங்கி ஒட்டித் தன்னைத்தானே காட்டிக்குடுத்தவன் உங்க வீட்டுப் பையன் ஒருத்தன்தான்."

இரண்டு ஆண்டுகள் ஒன்றும் நிகழவில்லை. அந்தக் கோடையில் புதிய விதி வந்தது. அரசாங்கத்தின் உதவித்தொகையைப் பெறும் மாணவன், 'நான் படைப்பதிவு செய்துவிட்டேன்' என்று கையெழுத்திட வேண்டும். இல்லையேல் பணம் இல்லை. கேலன் எங்கள் சபையைச் சேர்ந்த கல்லூரியில் செவிலியர் படிப்பின் பாதியில் இருந்தான். அந்தத் தொகை இல்லாமல் மீதிப் பாதியை எங்களால் படிக்கவைக்க இயலாது. அதே தொகையை வாங்கித்தான் நானும் நான்கு ஆண்டுகள் படித்தேன். யாரைக் கொல்லச் சம்மதம் என்று என்னை எவரும் கேட்கவில்லை. நான் பெண்.

சபை உதவுமா என்று மூப்பர் ரூபன் யான்ட்ஸிடம் கேட்டோம். "பதிஞ்ச பசங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது? விதைப்பு முடியட்டும், ஜெபத்துல வைப்போம்" என்றார். ஜெபத்தில் வைப்பது என்றால் பரணில் வைப்பது என்று பொருள் என அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் நிலைமையை எண்ணி மௌனமாக இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

வீடு சேர்ந்தவுடன் நேரே கொட்டகைக்குப் போனேன். அப்பா விதைப்பு இயந்திரத்தின் அடியிற் படுத்து மசகு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பூட்சுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அப்பா, கிளைட் எனக்கு வாழ்த்துச் சொன்னாரு."

மசகுத் துப்பாக்கியின் ஓசை நின்றது.

"அவனுக்கு வாயில ஒண்ணும் நிக்காது" என்றார்.

"கேலன் பேரை நீங்க எழுதுனீங்களா?"

"எழுதுனேன்."

"கையெழுத்து?"

"அதையும்தான்."

மறுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சினம் வந்திராது. மாட்டை விற்கும்போது அதன் நொண்டலை முதலிற் சொல்லிவிட்டு, அதன் பிறகே விலையைச் சொல்லும் மனிதர் அவர். அதனால் எத்தனையோ பேர் வாங்காமற் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கிளைட்டின் முகத்தைப் பார்த்து, 'பையன் வயலில் நிற்கிறான்' என்று சொல்லியிருக்கிறார்.

"வெளிய வாங்கப்பா. உங்க பூட்சோட என்னால பேச முடியாது."

அவர் ஊர்ந்து வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்திமூணுல, உலகப்போர் நடந்தப்ப, நானும்தான் பேரை எழுதிக் குடுத்தேன். எழுதிட்டு, துப்பாக்கி தொடமாட்டேன்னேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. மூணு வருசம் மலம் அள்ளுனேன். யாரையும் கொல்லல. நமக்குன்னு ஒரு வாசல் தொறந்து வச்சிருக்காங்க ட்வைலா. அவன் ஏன் போய்ச் சுவத்துல முட்டணும்?"

"முட்டுறது அவன் தலை."

"ஜெயில்ல சின்னப் பசங்களை என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியுமா? அங்கேர்ந்து புத்தி பேதலிச்சு வந்தவங்களை நான் குளிப்பாட்டியிருக்கேன். இந்தக் கையால குளிப்பாட்டியிருக்கேன். உங்கம்மாகிட்டகூட அதைச் சொன்னதில்ல."

"அதை அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேக்கமாட்டான்."

"கேக்கமாட்டான்னா அதுதாம்ப்பா அவன் பதிலு. பதிலு பிடிக்கலன்னா பேரைத் திருடிருவீங்களா?"

திருட்டு என்ற சொல் அவரைத் தைத்தது, முகத்தில் தெரிந்தது. தைக்கட்டும் என்றுதான் சொன்னேன். உறையைத் தருமாறு கையை நீட்டினார். "அதுல உங்க பேரு இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை மாலை கேலன் வந்தான். அம்மா பாலாடைக்கட்டி உள்ளே வைத்த வெரெனிக்கே என்னும் கொழுக்கட்டை செய்து, பன்றிக்கறிக் குழம்பை மேலே ஊற்றி வைத்திருந்தார். உறையை நான்தான் அவனுடைய தட்டின் அருகே வைத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கேலன் அதைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இதைக் கேளுங்க. நான் படையில சேரப் பதிஞ்சுட்டேனாம். எண்ணெல்லாம் குடுத்திருக்கானுங்க. அரசாங்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எங்கயோ இன்னொரு கேலன் ராட்ஸ்லாஃப் இருக்கான் போலக்கா. பாவம், அவனுக்கு என் கடிதத்துக்கான பதிலு போயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா முள்கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"நான்தான் எழுதுனேன்."

கேலன் அவரைப் பார்த்தான். அதன்பின் என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்த பிறகே அவனுக்கு அது மெய்யென்று பட்டது.

"என்னங்க இது?" என்றார் அம்மா. "முட்டையில விரிசல் இருந்தா அதைக் காட்டித்தான் விக்கணும்னு என்னைப் படுத்துவீங்களே, நீங்களா?"

கேலன் அந்தக் காகிதத்தை முன்பிருந்தவாறே மடித்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நல்லாக் கட்டிப்போட்டுட்டீங்கப்பா. இது நான் எழுதலன்னு சொன்னா, எழுதுனது யாருன்னு கேப்பாங்க. எனக்கு வச்சிருக்கிற அதே அஞ்சு வருசம் உங்களுக்கு. சொல்லாம விட்டா நான்தான் எழுதுனேன்னு ஆயிடும். நான் என்ன செய்யட்டும்?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் படி. செஞ்ச பாவம் என்னோடது."

"போடப்போற கையெழுத்து என்னோடது."

"கேலன், படிப்பு போயிடும்டா."

"அது தெரிஞ்சுதானேப்பா கடிதம் எழுதுனேன். உங்களை ஜெயிலுக்கு அனுப்புறேனா இல்லையான்னு என்னைக் கேக்கவைப்பீங்கன்னுதான் தெரியாமப் போச்சு." அவன் எழுந்தான். "நீங்க எழுதுன பேரை நீங்கதான் அழிக்கணும். நான் உங்களைக் காட்டிக்குடுக்கமாட்டேன். ஆனா கையெழுத்தும் போடமாட்டேன்."

செப்டம்பரில் அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. கையெழுத்திடமாட்டேன் என்று மட்டும் கல்லூரி அலுவலகத்துக்குச் சொன்னான்; மருத்துவமனையிலேயே தங்கிவிட்டான். துணி துவைப்பதிலிருந்து அவனை மனநோயாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். தூக்கவும் கழுவவும் அங்கே வலுவுள்ள ஆள் தேவைப்பட்டது.

அதைவிடக் கொடியது ஊரில் நடந்தது. கிளைட்டின் வாயில் ஒன்றும் நிற்காது என்று அப்பா சொன்னது உண்மையாயிற்று. கேலன் கமுக்கமாகப் பதிந்துவிட்டான் என்பது சபை முழுவதும் பரவியது. தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரியை நிறுத்திவிட்டு ரூபன் யான்ட்ஸ் என் சன்னலருகே வந்தார்.

"உன் தம்பி, ராத்திரியில ஒளிஞ்சு இயேசுகிட்டப் போன நிக்கொதேமு மாதிரி, இருட்டுல போய்ப் பதிஞ்சிட்டு வந்துட்டானாமே? பகல்ல வீரன், ராத்திரியில பிரஜை. நல்லவேளை, நாம பணம் திரட்டல."

அவர் லாரியில் எவ்வளவு சோளம் இருந்தது என்பதைத் தவறாக எழுதிவிட என் கை துடித்தது. சரியாகவே எழுதினேன். என் தம்பி செய்த குற்றமெல்லாம் உண்மையை உரக்கச் சொன்னது ஒன்றே. அவனைத்தான் ஊர் பொய்யன் என்றது. அப்பாவைக் காப்பாற்றுவதற்காக அதையும் அவன் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டான். இதை நான் அப்பாவிடம் ஒன்றுவிடாமற் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டதைச் சொன்னேன். அவர் கோதுமை விதைத்தார், முளைத்தது, அவர் பேசவில்லை.

அக்டோபரில், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தது. திருவிருந்துக்குமுன் எங்கள் சபையில் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். கோயிலின் கீழ்த்தளத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நடுவில் பாதி இழுத்த திரை. இடுப்பில் துவாலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர் முன் மண்டியிட்டுக் கழுவித் துடைத்து, எழுந்து முத்தமிட வேண்டும். மனத்தில் பகை வைத்திருப்பவர் அந்த விருந்துக்குப் போகலாகாது. அம்மா கேட்டுக்கொண்டதால் கேலன் வந்திருந்தான். திரையின் இடைவெளியில் அவனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் காலுறைகளைக் கழற்ற, அவன் மட்டும் ஷூவோடு பெஞ்சின் கோடியில் அமர்ந்திருந்தான்.

அப்பா தம் வரிசையை விட்டு எழுந்தார். தண்ணீர் நிறைந்த சிறு தொட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவன் முன் மண்டியிட்டார். ஷூவின் முடிச்சின்மேல் கையை வைத்தார்.

கேலன் காலை இழுத்துக்கொண்டான். "வேண்டாம்ப்பா. அந்தக் கார்டுல எழுதுன கையால என் காலைத் தொடாதீங்க."

அவன் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் தண்ணீர் சிந்தும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லாதிருந்தது, அதுவும் நின்றது. என் எதிரே அமர்ந்திருந்த பெண்ணின் கால் என் கையில் இருந்தது. அதை நான் இறுகப் பிடித்திருக்க வேண்டும்; அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துவாலை இடுப்பிலேயே இருந்தது.

"என் மகன் பதியல" என்றார். "அவன் பேரை நான் எழுதுனேன். அவனுக்குத் தெரியாது. போஸ்ட் ஆபீஸ்ல பொய் சொன்னேன். நீங்க அவனை நிக்கொதேமுன்னு பேசுனப்ப நான் விதைச்சுக்கிட்டிருந்தேன்."

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூப்பர் முந்திக்கொண்டார்.

"பிரதர் வெர்னன், சொன்னது நல்லது. ஆனா இது இந்த அறைக்குள்ள இருக்கட்டும். வெளிய போனா சட்டம். எல்லாரும் இதை ஜெபத்துல..."

"என்னை நிக்கொதேமுன்னு சொன்னது மட்டும் எப்படி வெளிய போச்சு மூப்பரே?" என்றான் கேலன்.

ரூபன் யான்ட்ஸ் தம் வெறுங்கால்களைப் பார்த்தார். அப்போது திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. அந்த ஆராதனையிற் பெண்கள் திரை தாண்டிப் பேசுவது வழக்கம் அன்று.

"ஜெபத்துல வச்சதெல்லாம் போதும் ரூபன். பரண்ல இடமில்ல."

கேலன் திருவிருந்துக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் நானும் அஞ்சலகத்துக்குப் போனோம். அவர் தாமே எழுதியிருந்தார். தம் பெயர், முகவரி, தாம் செய்தது, அது மகனின் கையெழுத்து அன்று என்பது, அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பது. கடைசியில் வீட்டுக்கு வரும் வழியையும் குறித்திருந்தார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருசேர வந்தன.

கிளைட் முகவரியைப் பார்த்தவுடன் அது என்னவென்று புரிந்துகொண்டார்.

"உங்க வீட்ல வாயை மூடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்லையாய்யா? அந்தக் கார்டுல என் கையெழுத்தும் இருக்கு வெர்னன். எனக்கு ஓய்வூதியம் வர இன்னும் கொஞ்சகாலம்தான் இருக்கு."

"உன் பேரை எழுதல. நான் பொய் சொன்னேன், நம்பிட்டாங்கன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"இந்தப் போஸ்ட் ஆபீஸ்ல இருக்கிறது நான் ஒருத்தன். நம்பினது யாருன்னு அவனுங்க குதிரையையா கேப்பானுங்க?" கிளைட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பையனுக்கு நல்லது பண்றோம்னு நினைச்சேன். நன்றிகெட்ட கூட்டம்."

"நீங்க அவனைக் கேக்கலையே" என்றேன்.

"உங்கப்பனே கேக்கல, நான் கேக்கணுமா?"

கிளைட் முத்திரையை ஓங்கி உறையின்மேல் அடித்துப் பைக்குள் எறிந்தார். அதன்பின் அவர் எங்களைக் கேலி செய்வதை விட்டுவிட்டார். அது எனக்கு ஏனோ பொறுக்கவில்லை.

அப்பா சிறைக்குப் போகத் தயாரானார். பசுக்களை யார் கறப்பது என்று பக்கத்துப் பண்ணையில் பேசி வைத்தார். அம்மா அவருடைய கம்பளி உள்ளாடைகளைத் தைத்து வைத்தார். சாலையில் புதிய கார் ஏதேனும் திரும்பினால் இருவரும் சன்னலுக்கு வந்தார்கள்.

நவம்பரில், நன்றி நவிலும் விழாவுக்குச் சற்று முன்பு பதில் வந்தது. அப்பாவுக்கு இல்லை, கேலனுக்கு. அச்சடித்த அட்டை. அவனுடைய பதிவு முறைப்படி நிறைவுற்றுள்ளது, முகவரி மாறினால் உடனே தெரிவிக்கவும், ஒத்துழைப்புக்கு நன்றி. அப்பா மறுபடியும் எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதாக ஒன்று எழுதிவிட்டு, தம் கடிதத்தை அங்கே யாரேனும் படிக்கிறார்களா என்று கிளைட்டிடம் கேட்டார். "கார்டைத்தான் எண்ணுவானுங்க. கடிதத்தை எண்ண மெசின் இல்ல" என்றார் கிளைட்.

பொய்யை ஒரே மாதத்தில் ஏற்றுக்கொண்டு எண்ணும் கொடுத்தவர்களுக்கு, உண்மையை வாங்கி வைக்க இடமில்லை. கேலனின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. கல்லூரி அலுவலகத்திலிருந்து இன்னமும் தொலைபேசியில் அழைக்கிறார்கள்: எண் இருக்கிறதே தம்பி, ஒரு கையெழுத்துதானே! அவன் போடவில்லை. மனநோயாளர் பிரிவில், செவிலியர் அல்லாத ஆள் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். அப்பாவை அரசாங்கம் நாற்பத்துமூன்றில் எந்த வேலைக்கு அனுப்பியதோ, ஏறக்குறைய அதே வேலை.

வசந்தத்தில் மறுபடியும் திருவிருந்து ஞாயிறு வந்தது. திரை பாதி இழுபட்டிருந்தது. கேலன் வந்து பெஞ்சின் கோடியில் அமர்ந்தான். அப்பா தொட்டியோடு அவன் முன் போய் மண்டியிட்டார். இந்த முறை எதையும் தொடவில்லை. கைகளைத் தொடையின்மேல் வைத்துக் காத்திருந்தார்.

கேலன் நெடுநேரம் அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு குனிந்து ஒரு ஷூவை மட்டும் கழற்றினான். காலுறையையும் உருவினான். அந்த ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான்.

அப்பா கழுவினார். மருத்துவமனையில் கழுவிப் பழகியவர் கழுவுவதைப்போல, விரல்களின் இடுக்குகளைத் தனித்தனியே விலக்கிக் கழுவினார், அவ்வாறே துடைத்தார். துடைத்து முடித்ததும் மறு காலுக்காகத் தொட்டியைச் சற்று நகர்த்தினார்.

கேலன் மறு காலை நீட்டவில்லை. அதில் ஷூவின் முடிச்சு இரட்டையாகப் போடப்பட்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்; தொட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.